மெத்துப்பந்து பழகிய வருடம்

பந்தை முதலில் கையில் வாங்கிய பெண் அதை அமுக்கிப் பார்த்தாள். அமுங்கவில்லை. பக்கத்தில் நின்றவளிடம் நீட்டினாள். அவளும் அமுக்கிப் பார்த்துவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"டீச்சர், மெத்துப்பந்துன்னு சொன்னீக. இது தேங்கா கணக்காவுல்ல இருக்கு!"

சாப்ட்பால் என்ற பெயரை நான்தான் அவர்களுக்காக அப்படித் தமிழில் சொல்லியிருந்தேன். சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது என் கையிலும் அதை முதல் நாள் கொடுத்தார்கள். நானும் அமுக்கித்தான் பார்த்தேன். பெயர் வைத்தவர்கள் யாரோ, அந்தப் பந்தை நெற்றியில் வாங்காதவர்கள்.

என் ஊர் ஆமத்தூர். பருத்தியும் கம்பும் விளையும் கரிசல் காடு எங்களுக்கு. ஊரிலிருந்து ஒரு பெண் சென்னைக்குப் போய் விளையாடப் படித்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது அங்கே பல மாதங்களுக்குப் பேச்சாக இருந்தது. "விளையாடுறதுக்குமா ஒருத்தி படிக்கணும்?" என்று என் பெரியப்பா பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்டார். அப்பா ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். விருதுநகரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. அறுபதுகளின் நடுப்பகுதி அது. தினமும் காலையில் பஸ் ஏறி வருவேன். மாணவிகளுக்கு நான் 'டிரில் டீச்சர்'.

கல்லூரியை விட்டுக் கிளம்பும்போது அங்கே எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அம்மையார், தையல் பிரிந்து மறுபடி தைத்த ஒரு பழைய பந்தை எனக்குக் கொடுத்தார். "நீ போற ஊர்ல இந்த ஆட்டத்தை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. நீ தப்பாச் சொல்லிக் குடுத்தாக்கூட யாருக்கும் தெரியாது. அதனால தைரியமா ஆரம்பி" என்றார். அதைவிட நல்ல வாழ்த்து எனக்கு அன்று தேவைப்படவில்லை.

தலைமையாசிரியை அம்மா கண்டிப்பானவர். பள்ளி முடிந்த பிறகு கொஞ்ச நேரம் விளையாட அனுமதி கேட்டபோது மூன்று நிபந்தனை போட்டார். பந்து மதிலைத் தாண்டித் தெருவுக்குப் போகக் கூடாது. தாவணியைக் கழற்றக் கூடாது. பெண்பிள்ளைகளின் சத்தம் வெளியே கேட்கக் கூடாது.

"சத்தமில்லாம எப்படிம்மா விளையாடுறது?"

"அத நீங்கதான் படிச்சிட்டு வந்திருக்கீக" என்றார்.

மட்டை வேண்டுமே. கட்டில் கால் கடைகிற ஆசாரியிடம் போய்ப் படம் வரைந்து காட்டினேன். அவர் பூவரசங் கட்டையில் ஒன்று கடைந்து கொடுத்தார். கட்டில் காலுக்குப் போடுகிற மூன்று வளையங்களைப் பழக்கத்தில் அதிலும் போட்டிருந்தார். பார்க்க அழகாக இருந்தது. ஓடித் தொட வேண்டிய நான்கு இடங்களிலும் சின்னச் சாக்குப் பையில் மண்ணை நிரப்பித் தைத்துப் போட்டோம். பெண்கள் அவற்றுக்கு மூட்டை என்று பெயர் வைத்தார்கள். அடிக்கிறவள் நிற்கும் நாலாவது மூட்டைக்கு 'வீடு' என்று பெயர். எதிரணிக்காரி பந்தைக் கையை வீசித் தாழ்வாகப் போடுவாள். இவள் அடித்துவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று மூட்டைகளைத் தொட்டுக்கொண்டு ஓடி, பந்து வந்து சேருவதற்குள் வீடு திரும்ப வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். அன்றைக்கே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

புரிந்தது. விளையாட வரவில்லை.

எறிவதில் கஷ்டமில்லை. புளியம்பழத்துக்கும் நாவல் பழத்துக்கும் கல்லெறிந்து வளர்ந்த கைகள். ஆனால் தோளை அசைக்காமல், உடம்பு முழுவதையும் தூக்கிப்போட்டு எறிவார்கள். அதனால் குறி தப்பும். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்கார வைத்து, மதில் சுவரில் கரியால் வட்டம் போட்டு, அதற்குள் எறியச் சொன்னேன். உட்கார்ந்து எறியும்போது உடம்பு உதவிக்கு வராது. கைதான் எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். முழங்கை காதுக்கு மேலே ஏறாவிட்டால் பந்து சுவரை எட்டாது. ஒரு வாரத்தில் அந்தச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து வட்டம் தானாகவே பதிந்துவிட்டது. தலைமையாசிரியை அம்மா அதைப் பார்த்தார். நிபந்தனையில் சுவரைப் பற்றி ஒன்றும் இல்லாததால் பேசாமல் போய்விட்டார்.

பிடிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. பந்து வரும்போது விறைத்த கையோடு தட்டுவார்கள். அது விரலில் பட்டுத் தெறிக்கும். "பந்தோட கையும் பின்னால போகணும். பச்சைப்பிள்ளையை வாங்குற மாதிரி வாங்கணும்" என்று எத்தனை முறை சொன்னாலும் தலையாட்டிவிட்டு மறுபடி தட்டினார்கள். ஒரு நாள் மழை பெய்து மைதானம் சேறாகக் கிடந்தது. விளையாட முடியாது. சும்மா நின்றுகொண்டிருந்த பெண்களைக் கரிசல் மண்ணை உருண்டை பிடிக்கச் சொன்னேன். எதிரெதிரே நின்று உருண்டையை எறிந்து பிடிக்க வேண்டும். கையை விறைத்துக்கொண்டு பிடித்தால் அது சப்பட்டையாகிவிடும். கையைப் பின்னால் இழுத்து வாங்கினால் உருண்டையாகவே இருக்கும். யாருடைய உருண்டை கடைசிவரை உருண்டையாக இருக்கிறதோ அவள் ஜெயித்தாள். அன்று வீட்டுக்குப் போன பாவாடைகளைப் பார்த்து எந்தெந்த அம்மா என்னென்ன திட்டினார்களோ தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு பந்து விரலில் பட்டுத் தெறிப்பது குறைந்தது.

அந்தக் கூட்டத்தில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருத்தி கடைவீதிப் பெண். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவுக்கு மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம். குள்ளமாக இருப்பாள். வாய் ஓயாது. அடிக்கிறவளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற இடத்துக்கு அவளைப் போட்டேன். அங்கே இருந்துகொண்டு அடிக்க வருகிறவளிடம் மெதுவான குரலில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாள். சிரிப்பவளால் பந்தை அடிக்க முடியாது. அதற்கு விதியில் தடை உண்டா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அதனால் விட்டுவிட்டேன்.

இன்னொருத்தி சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்துப் பெண். படிப்புக்காக விருதுநகரில் மாமா வீட்டில் தங்கியிருந்தாள். அந்தப் பள்ளியிலேயே உயரமானவள் அவள்தான். வேப்பமரத்தடியில் நின்று எறிந்தால் பந்து மைதானத்தைத் தாண்டி மதில்வரைக்கும் தரையில் படாமல் போகும். கல்லூரியில்கூட அப்படி ஒரு கையை நான் பார்க்கவில்லை. ஆனால் தன்னை நோக்கி ஒரு பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். துணிப்பந்தாக இருந்தாலும் அப்படித்தான். முதலில் எல்லோரும் கண்ணை மூடினார்கள். மண்ணுருண்டைக்குப் பிறகு ஒவ்வொருத்தியாக அந்தப் பழக்கத்தை விட்டார்கள். இவள் மட்டும் விடவில்லை.

"கண்ணைத் திற, கண்ணைத் திற" என்று நானும் கத்திக்கொண்டே இருந்தேன். ஒரு சாயங்காலம் அவளே என்னிடம் வந்தாள்.

"நான் எறியுறதுக்கு மட்டும் வாறேன் டீச்சர். பிடிக்கிறதுக்கு வேற யாரையாவது வச்சிக்கோங்க."

"அப்படி ஆட்டம் கிடையாது. ஏன் மூடுற நீ?"

அவள் புருவத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். முடி முளைக்காத சின்னத் தழும்பு ஒன்று அங்கே இருந்தது.

"அஞ்சாப்பு படிக்கையில தீவாளிக்கு ஒரு வெடி வச்சேன். திரி அணைஞ்சு போச்சுன்னு குனிஞ்சேன். அணையல. கண்ணுக்கு ஒண்ணும் ஆகல டீச்சர். ஆனா அதுக்கப்பறம் மூஞ்சிக்கு நேரா எது வந்தாலும் கண்ணு மூடிக்கிடுது. நான் மூடல. அதுவா மூடுது."

அவ்வளவு நாளும் கத்தியது எவ்வளவு வீண் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தானாக மூடுகிற கண்ணிடம் திற என்று சொல்லி என்ன பயன்? ஆனால் அவளை விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. அந்தக் கையை விட முடியுமா?

மறுநாளிலிருந்து அவளுக்கு மட்டும் வேறு பயிற்சி. தரையில் உட்காரச் சொன்னேன். எதிரே கடைவீதிப் பெண்ணை உட்கார வைத்தேன். இரண்டு பேரும் துணிப்பந்தை உருட்டி விளையாட வேண்டும். உருண்டு வருகிற பந்துக்கு அவள் கண் மூடவில்லை. பிறகு தரையில் ஒரு தட்டுத் தட்டி வந்தது. அதற்கும் மூடவில்லை. இடுப்பு உயரம் வந்தபோது இமை துடித்தது. நெஞ்சு உயரத்தில் மூடிக்கொண்டது. அங்கேயே பல நாள் நின்றுவிட்டோம். கடைவீதிப் பெண் மட்டும் சலித்துக்கொள்ளவில்லை. "ஏ புள்ள, நேத்து நெஞ்சு மட்டும் வந்தா மூடுன. இன்னைக்கு வயித்துக்கு வந்தாலே மூடுத. போற திக்கு சரியில்லையே" என்பாள். இவளும் சிரித்துவிடுவாள்.

இதற்கிடையில் ஒரு சாயங்காலம் மதில் வாசலில் நின்ற ஜட்கா வண்டிக்காரர் வந்து, "டீச்சரம்மா, வண்டியில அம்மா கூப்பிடுறாக" என்றார். கடைவீதிப் பெண்ணைக் கூட்டிப்போகத் தினமும் வருகிற வண்டி அது. முன்னும் பின்னும் திரை தொங்கும். அந்தத் திரைக்குள் அவளுடைய அம்மா தினமும் வந்து உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

திரை ஒரு சாண் விலகியது.

"எம் மக உள்ளங்கை செவசெவன்னு வருது. மொத நாளு மருதாணி வச்சிருக்கான்னு நெனச்சேன்."

சரி, நாளையிலிருந்து பெண் வரமாட்டாள் என்று முடிவு செய்துகொண்டேன். அவள் போய்விட்டால் அந்த நெட்டைப் பெண்ணோடு யார் உட்கார்ந்து பந்து உருட்டுவார்கள் என்பதுதான் மனதில் ஓடியது.

"நிறுத்திரணுமாம்மா?" என்று கேட்டேன்.

"நிறுத்தவா? நான் ஏன் தெனமும் சீக்கிரமா வந்து நிக்கேன்னு நெனைக்கீக? இவுக அத்தாகிட்ட குதிரை வெயில்ல நிக்கும், அதுக்குத் தண்ணி காட்டணும்னு என்னமோ சொல்லிட்டுல்ல வாறேன்." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கு ஒரு சாமான் கொண்டாறேன். சரியா இருக்கான்னு பாருங்க."

மறுநாள் திரைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. அதில் கெட்டித் துணியில் பஞ்சு அடைத்துத் தைத்த பெரிய கையுறை இருந்தது. விசேஷ வீடுகளில் சூடான பிரியாணித் தேக்சாவை இறக்குவதற்குத் தைக்கிற கைத்துணியைப் பார்த்து, கொஞ்சம் கூடுதலாகப் பஞ்சு வைத்து, பெருவிரலுக்குத் தனியாக இடம் விட்டுத் தைத்திருந்தார். கடைவீதிப் பெண் அதை மாட்டிக்கொண்டு பந்தைப் பிடித்தாள். 'தொப்' என்று சத்தம் வந்தது. கல்லூரியில் தோல் கையுறையில் கேட்ட அதே சத்தம். விருதுநகரில் பஞ்சுக்கா பஞ்சம்? மற்ற பெண்களும் வீட்டில் கேட்டுத் தைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி பழைய போர்வையில், ஒருத்தி அப்பாவின் காக்கிச் சட்டையில். பலவிதக் கைகளோடு எங்கள் அணி வரிசையாக நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

நெட்டைப் பெண்ணுக்குக் கையுறையும் உதவவில்லை. கை வலிக்குமென்று அவள் பயந்திருந்தால்தானே?

வழி எங்கிருந்து வந்தது என்றால், அவளுடைய புத்தகத்திலிருந்து. ஒரு நாள் அவள் புத்தகங்கள் வேப்பமரத்தடியில் சரிந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் வண்ண வண்ணமாக அட்டை. அவளுடைய சித்தப்பா சிவகாசியில் அச்சாபீஸில் வேலை பார்த்தார். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டுகிற லேபிள்கள் அச்சாகும்போது நிறம் விலகிப் போன தாள்களை அவளுக்கு அட்டை போடக் கொடுத்தனுப்புவார். ஒரே தாளில் கிளி, கிளி, கிளியாக வரிசை. இன்னொன்றில் தாமரை. இன்னொன்றில் யானை. கிளியின் பச்சை, கிளியை விட்டு அரை விரல் தள்ளி நின்றது.

"இந்தத் தாளு இன்னும் இருக்கா?"

"கட்டுக் கட்டா இருக்கு டீச்சர்."

துணிப்பந்துகள் நிறையச் சுற்றினோம். ஒவ்வொன்றிலும் ஒரே படத்தைச் சுற்றிலும் கஞ்சிப் பசை போட்டு ஒட்டினோம். சில பந்தில் கிளி, சில பந்தில் தாமரை, சில பந்தில் யானை. எறிகிறவள் பந்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு திடீரென்று எறிவாள். வாங்குகிறவள் பந்து கைக்கு வருவதற்குள் அது என்ன படம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால் பரவாயில்லை. படத்தைச் சொன்னால் போதும்.

முதல் நாள் நெட்டைப் பெண் எல்லாவற்றுக்கும் "கிளி" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு குருட்டாம்போக்கில் சொல்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கடைவீதிப் பெண் தந்திரமாகத் தொடர்ந்து யானையையே எறிந்தாள். "ஒம் கிளிக்குத் துதிக்கை மொளச்சிருக்கு, பாரு" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "போடு, இன்னொண்ணு போடு" என்றாள்.

அடுத்த பந்து போயிற்று. "தாமர!" என்று கத்தினாள். தாமரைதான். பந்து அவள் தோளில் பட்டு விழுந்தது.

"பாத்துத்தான் சொன்னியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் டீச்சர்." அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "கத்துறதுக்குள்ள கண்ணு மூட மறந்துபோச்சு."

அன்றிலிருந்து எல்லோருக்கும் அதுதான் விருப்பமான பயிற்சி. நிபந்தனை என்னவாயிற்று என்று கேட்கலாம். ஒரு சாயங்காலம் "யானை! கிளி! கிளி! தாமர!" என்று மைதானமே அலறிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை அம்மா தன் அறையிலிருந்து வெளியே வந்தார். எல்லோரும் அடங்கிவிட்டோம்.

"என்ன இது? ஒண்ணாங்கிளாஸ் பாடமா நடக்குது?"

நான் விளக்கிச் சொன்னேன். நெட்டைப் பெண்ணின் கண்ணைப் பற்றியும் சொன்னேன். அவர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுப் புருவத்துத் தழும்பைப் பார்த்தார். பிறகு, "எங்க, ஒண்ணு எறிங்க பாப்போம்" என்று மணிக்கட்டில் இருந்த வளையலை மேலே ஏற்றிக்கொண்டு நின்றார். கடைவீதிப் பெண் மெதுவாக ஒன்று போட்டாள். அவர் அதைக் குனியாமல் பிடித்து, கண்ணாடியைச் சரிசெய்து படத்தைப் பார்த்தார்.

"இது தாமரை இல்ல, அல்லி. இதழைப் பாருங்க. தப்பாச் சொல்லிக் குடுக்காதீக" என்று பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். சத்தத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே வரவில்லை.

ஆட்டம் ஒருவழியாகப் பழகிவிட்டது. ஆனால் யாரோடு ஆடுவது? ஜில்லாவில் வேறு எந்தப் பள்ளியிலும் அப்படி ஒரு ஆட்டம் இருப்பதாகவே தெரியாது. பெண்கள் தினமும் என்னைக் கேட்டார்கள். நல்லவேளையாக என்னோடு கல்லூரியில் படித்த ஒருத்தி அந்த வருடம் சிவகாசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கு டிரில் டீச்சராக வந்தாள். ஆசிரியர்கள் கூட்டத்தில் பார்த்தபோது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"சொல்லிக் குடுக்கிறேன்டி. ஆனா தீபாவளி முடியட்டும்" என்றாள். "இப்ப சீசன். மணி அடிச்சதும் எங்க பிள்ளைங்க பறந்துடுறாங்க. வீட்டுல வெடிக்குக் காகிதக் குழாய் சுத்தவும் லேபிள் ஒட்டவும் கை வேணுமே. தீபாவளிக்கு அப்புறம்தான் அவங்களுக்கு ஒரு சாயங்காலம்னு கிடைக்கும்."

அப்படியே தீபாவளி முடிந்து சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. எங்கள் பெண்களுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. நெட்டைப் பெண்ணை இரண்டாம் மூட்டைப் பக்கம் நிறுத்தினேன். நெஞ்சு உயரம் வரைக்கும் வருகிற பந்தை இப்போது பிடித்துவிடுவாள். முகத்துக்கு வந்தால் பாதிக்குப் பாதி.

அந்த வாரம் விடாத மழை. கண்மாய்களில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பஸ்ஸில் எல்லோரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். எங்களுக்கு மட்டும் சந்தோஷமில்லை. சிவகாசிப் பள்ளியின் மைதானம் களிமண் குழம்பாகக் கிடந்தது. கால் வைத்தால் செருப்பு வரவில்லை. பெண்கள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார்கள். என் தோழி எங்கோ ஓடிப்போய், ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்காரரிடம் கேட்டு அனுமதி வாங்கிவந்தாள். குச்சி காயப்போடுகிற சிமெண்டுக் களம். ஞாயிற்றுக்கிழமையானதால் காலியாக இருந்தது. தண்ணீரைத் தள்ளிவிட்டு மூட்டைகளைப் போட்டோம்.

சிமெண்டில் நாங்கள் ஆடியதே இல்லை. எங்கள் கரிசலில் தரையோடு வருகிற பந்து கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து வரும். குனிந்து முன்னால் ஓடி அள்ளப் பழகியிருந்தோம். இங்கே பந்து தரையில் பட்டதும் தலைக்கு மேலே துள்ளியது. எங்கள் பெண்கள் முன்னால் ஓடினார்கள், பந்து அவர்களைத் தாண்டிப் போயிற்று. சிவகாசிப் பெண்களோ புதுசாகக் கற்றவர்கள் என்றாலும் கை அபார வேகம். நாங்கள் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தபோது அவர்கள் மூட்டை மூட்டையாக ஓடி வீடு சேர்ந்துகொண்டே இருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் கூட்டத்தில் கடைவீதிப் பெண்ணின் அம்மாவும் தலையில் முக்காட்டோடு நின்றிருந்தார். எங்களோடு பஸ்ஸில் வந்தவர், வாயே திறக்கவில்லை.

பக்கம் மாறும்போது கடைவீதிப் பெண் மூச்சு வாங்க ஓடிவந்தாள். "டீச்சர், இது நம்ம சுவத்துல அடிச்சிட்டு வருமே, அந்தப் பந்து. அந்தப் பந்துக்கு நாம பின்னாடி தானே நிப்போம்?"

சரியாகச் சொன்னாள். கரி வட்டத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்காக அவர்கள் எத்தனையோ நாள் பின்வாங்கி நின்றிருக்கிறார்கள். தோழியிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். எங்கள் பெண்களை ஜோடி ஜோடியாக நிற்க வைத்து, சிமெண்டில் பந்தைக் குத்தி எறியச் சொன்னேன். எங்கே துள்ளுகிறது, எங்கே நின்றால் நெஞ்சுக்கு வருகிறது என்று பார்க்கச் சொன்னேன். ஆட்டத்துக்கு நடுவே பயிற்சி நடத்துகிறார்களே என்று கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆட்டம் ஆட்டமாக இருந்தது. நாங்களும் ஓட்டம் எடுத்தோம். மட்டையின் கட்டில்கால் வளையம் ஒன்று தெறித்துப் பறந்தது. கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக நின்றபோது சிவகாசிக்காரி ஒருத்தி ஓங்கி அடித்தாள். பந்து தரையில் படாமல் நேராக நெட்டைப் பெண்ணின் முகத்தை நோக்கிப் போனது.

அவள் கண்ணை மூடவில்லை. நான் பார்த்தேன். விரியத் திறந்த கண்ணோடு, "யானை!" என்று அந்தக் களமே அதிரக் கத்தினாள். அந்தப் பந்தில் ஒரு படமும் இல்லை, அழுக்குத்தான் இருந்தது. பந்து கையுறையில் பட்டு, நழுவி, நெஞ்சில் இடித்துக் கீழே விழுந்தது. மூன்றாம் மூட்டையிலிருந்து ஒருத்தி வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். இவள் குனிந்து எடுத்து ஒரே எறி. கடைவீதிப் பெண் பந்தை வாங்கி ஓடிவந்தவளைத் தொட்டாள், ஓடிவந்தவள் வீட்டு மூட்டையைத் தொட்டாள், இரண்டும் ஒன்றாக நடந்தது.

நடுவராக நின்றவர் பக்கத்து ஆண்கள் பள்ளியின் டிரில் மாஸ்டர். விதிகளை அன்று காலையில்தான் என் தோழி அவருக்குச் சொல்லியிருந்தாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். விருந்தாளிக்கு விட்டுக்கொடுத்தால் உள்ளூரில் நடமாட முடியாது என்று நினைத்தாரோ என்னவோ, "வீடு சேந்தாச்சு" என்றார். நாங்கள் தோற்றோம்.

"அவுட்டுங்க!" என்று ஒரு குரல் கேட்டது. முக்காடு தோளில் கிடக்க, கடைவீதிப் பெண்ணின் அம்மா களத்துக்குள்ளேயே வந்துவிட்டார். "நான் இங்கன நின்னு பாத்துட்டுத்தான இருக்கேன்! எம் மக மொதல்ல தொட்டா. அம்புட்டுப் பேரும் பாத்தாக. கேளுங்க!"

"அம்மா, நடுவர் சொன்னாச் சொன்னதுதான்" என்று நான் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

தோற்ற துக்கம் எங்கள் பெண்களுக்குக் கொஞ்ச நேரம்கூட நிலைக்கவில்லை. சிவகாசிப் பெண்கள் நெட்டைப் பெண்ணைச் சூழ்ந்துகொண்டு, ஏன் யானை என்று கத்தினாய் என்று கேட்டுத் துளைத்தார்கள். மறுபடி தூறல் விழுந்ததும் எல்லோரும் தகரக் கொட்டகைக்குள் ஓடினோம். அங்கே அவள் பையிலிருந்த கிளிப் பந்தையும் யானைப் பந்தையும் எடுத்து, அந்தப் பயிற்சியை ஒவ்வொருத்திக்கும் செய்து காட்டினாள். சிவகாசிப் பெண்களில் ஒருத்தி யானைப் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த லேபிள நாங்க ஒட்டிருக்கோம்லா!" என்றாள். தகரத்தில் மழைச் சத்தத்தையும் மீறி அவர்கள் அலறியது பஸ் ஸ்டாண்டுவரைக்கும் கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"தோத்துட்டீகளாமே?"

"ஆமாம்மா."

"அவங்கள எப்ப இங்க கூப்பிடப் போறீக?"

பொங்கல் முடிந்து கூப்பிட்டோம். கரிசல் காய்ந்து வெடித்திருந்தது. எங்கள் மண்ணில் பந்து வெடிப்பில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. நாங்கள் ஜெயித்தோம். நடுவராகத் தலைமையாசிரியை அம்மாவே நின்றார். அவர் சொன்னதை எதிர்த்துப் பேச யாருக்கும் துணிச்சல் இல்லை, கடைவீதிப் பெண்ணின் அம்மாவுக்குக்கூட.

அடுத்த வருடம் சாத்தூரில் ஒரு பள்ளியும் சேர்ந்தது. ஆசாரி வளையம் இல்லாமல் மட்டை கடையக் கற்றுக்கொண்டார். கடைவீதிப் பெண்ணுக்குப் பத்தாவது முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். பதினொன்றாவது படித்து முடிக்கட்டும் என்று அவளுடைய அம்மா அத்தாவிடம் ஒற்றைக்காலில் நின்று தள்ளிப்போட்டார். நெட்டைப் பெண் பள்ளியிறுதித் தேர்வில் தேறி, நான் படித்த அதே கல்லூரிக்கு மனுப் போட்டாள். இடம் கிடைத்தது. அவளுடைய அப்பா தயங்கித் தயங்கி என்னைப் பார்க்க வந்தார். ஊரில் என்ன சொல்வார்களோ என்றார். முதல் வருடம் சொல்வார்கள், பிறகு தங்கள் பெண்ணை எப்படி அனுப்புவது என்று உங்களிடமே விசாரிப்பார்கள் என்றேன்.

சாயங்கால ரயிலில் அவளை ஏற்றிவிடப் போயிருந்தோம். கடைவீதிப் பெண்ணும் அவளுடைய அம்மாவும் வந்திருந்தார்கள். வண்டி கிளம்புகிற நேரத்தில் அந்த அம்மா ஜன்னல் வழியாக ஒரு பெரிய பொட்டலத்தைத் திணித்தார்.

"அங்கன சோறு எப்பிடி இருக்கோ, என்னமோ. இந்தப் பலகாரம் நாலு நாளைக்குக் கெடாது. கூட இருக்கிற புள்ளைகளுக்கும் குடு. குடுத்தா சிநேகம் பிடிப்பாக."

அவள் சிரித்துக்கொண்டே பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ரயில் நகர்ந்தது. கடைவீதிப் பெண் பிளாட்பாரத்தின் முனைவரைக்கும் கூடவே ஓடினாள்.